ஊட்டி, குன்னூர் குளிரில் எட்சிங் கண்ணாடிக்குக் கலர் கொடுப்பது எப்படி?

பூஜை அறைக் கதவிலோ வாசல் கதவின் மேல்பாதியிலோ எட்சிங் செய்த கண்ணாடி இருக்கிறது. வெறும் வெள்ளையாக இருக்கிறதே, கொஞ்சம் கலர் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. உடனே கடைக்குப் போய் நாலு கிளாஸ் கலர் பாட்டில் வாங்கி வந்து, இலைக்குப் பச்சை, பூவுக்குச் சிவப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள் பலர். அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் ஓர் ஓரமாகத் தடவிப் பாருங்கள். தடவிய இடத்தில் வெள்ளை மறைந்து, பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். ஈரம் காய்ந்ததும் வெள்ளை திரும்பி வந்துவிடும். கலர் அடித்தாலும் இதேதான் நடக்கும், ஆனால் வெள்ளை திரும்பி வராது.

காரணம் இதுதான். எட்சிங்கில் ஆசிட்டோ மணலோ கண்ணாடியின் மேல்பரப்பைக் கொத்தி, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களாக்கிவிடுகிறது. வெளிச்சம் அந்தப் பள்ளங்களில் பட்டுக் கன்னாபின்னாவென்று சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது, மற்றபடி அங்கே வெள்ளை என்று எதுவும் பூசப்படவில்லை. கிளாஸ் கலரில் இருக்கும் ரெசினின் (பிசினின்) ஒளிவிலகல் எண்ணும், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்ற கணக்கும், கண்ணாடியின் எண்ணும் ஏறத்தாழ ஒன்று, இரண்டும் 1.5-ஐ ஒட்டி வரும். அதனால் ரெசின் பள்ளத்தை நிரப்பியதும் வெளிச்சம் சிதற இடமில்லாமல் நேராகப் போய்விடுகிறது. தண்ணீருக்கு அந்த எண் 1.33, அதுவே இவ்வளவு தெளிய வைக்கிறதென்றால் கலர் இன்னும் தெளிவாக்கும். குளியலறை ஜன்னலுக்கும் தெருவைப் பார்த்த வாசல் கதவுக்கும் ஆசையாகக் கலர் அடித்துவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறதே என்று திரை வாங்கப் போகிறவர்கள் உண்டு. எங்கே மறைப்பு தேவையோ அங்கே முதலில் இதை யோசித்துவிடுங்கள்.

உங்கள் கண்ணாடி எந்த ரகம்?

எட்சிங் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடி பல வீடுகளில் எட்சிங்கே இல்லை. மூன்று ரகம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று ஸ்டிக்கர். வழவழப்பான கண்ணாடி மேல் ஃப்ராஸ்டட் ஷீட் ஒட்டியிருப்பார்கள், இப்போது ஹோம்ஸ்டேகளிலும் கடைகளிலும் பெரும்பாலும் இதுதான். ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் விளிம்பு தட்டுப்படும். இதன் மேல் தின்னர் கலந்த கலர் பட்டால் ஷீட் சுருங்கிக் கொப்பளித்துப் போகும், அதனால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, தொழிற்சாலையிலேயே உருளையில் அழுத்தி மேடு பள்ளமாக வரும் டிசைன் கிளாஸ். பழைய பங்களா, எஸ்டேட் குவார்ட்டர்ஸ் ஜன்னல்களில் நிறையப் பார்க்கலாம். அதற்கும் கலர் அடிக்கலாம், ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்வது பாதிதான் பொருந்தும். மூன்றாவதுதான் நிஜ எட்சிங். கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் மெல்லிய எமரி பேப்பர் போலச் சொரசொரப்பு.

நிஜ எட்சிங்கிலும் இரண்டு உண்டு, இதைக் கவனிக்காமல் தொடங்கினால் வேலை கெட்டுவிடும். படம் மட்டும் சொரசொரப்பாக, சுற்றிலும் தெளிந்த கண்ணாடியாக இருப்பது ஒன்று. சுற்றிலும் முழுக்க வெள்ளையாக, படம் மட்டும் தெளிந்த கண்ணாடியாக இருப்பது இன்னொன்று. முதல் வகை புதியவர்களுக்கு எளிது. கலர் வெளியே சிந்தினாலும் வழவழப்பான இடத்திலிருந்து பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். இரண்டாவது வகையில் ஒரு சொட்டு தவறினால் அது சொரசொரப்புக்குள் இறங்கிவிடும். பிரஷ் பழகும் வரை இரண்டாம் வகையைத் தொடாமல் இருப்பது நல்லது.

எந்தப் பக்கம் அடிப்பது?

சொரசொரப்பான பக்கத்தில் அடித்தால் கலர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், உரியாது, நிறம் பளிச்சென்று தெரியும். வெள்ளை மட்டும் போய்விடும். வெள்ளையும் வேண்டும், கலரும் வேண்டும் என்றால் கண்ணாடியைத் திருப்பி, வழவழப்பான பக்கத்தில் அந்தப் படத்துக்கு நேர் பின்னால் அடியுங்கள். எட்சிங் பக்கமிருந்து பார்க்கும்போது கலர் அந்த வெள்ளை வழியாகக் கசிந்து, மூடுபனிக்குள் தெரியும் பூ மாதிரி மங்கலாக, மென்மையாக வரும். எனக்கு இதுதான் பிடிக்கும். குறிப்பாக நம் ஊரில் ஆறு மாதம் வானம் சாம்பல் நிறத்தில் இருப்பதால் பளிச்சென்ற கலர் ஒரு மாதத்தில் அலுத்துவிடுகிறது. இதில் இரண்டு குறைகள் உண்டு. வழவழப்பில் கலரின் பிடிப்பு குறைவு, துடைக்கும்போது கவனம் வேண்டும். கண்ணாடி தடிமனாக இருந்தால், பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது படமும் கலரும் கொஞ்சம் விலகித் தெரியும். 4, 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடியில் அது உறுத்தாது, 12 மி.மீ. கதவில் உறுத்தும்.

எந்தப் பக்கம் அடித்தாலும் கலர் அடித்த பக்கம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். சாரலும் வெயிலும் நேராகப் படும் பக்கத்தில் கைவேலைக் கலர் நிற்காது.

எட்சிங்கே இனிமேல்தான் செய்ய வேண்டும் என்றால்

ஆழமான டிசைனுக்கு மணல் வீச்சுதான் வழி, அதாவது சாண்ட் பிளாஸ்டிங். அது கடை வேலை. மேட்டுப்பாளையம், கோயம்புத்தூரில் செய்து தருவார்கள். வேலை கொடுக்கும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். டஃபண்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி வேண்டும் என்றால் முதலில் டிசைன், அதற்கப்புறம்தான் டஃபனிங். டஃபண்ட் கண்ணாடியின் மேல்தோல் இறுகியும் உள்ளே இழுபட்டும் இருக்கும். அந்தத் தோலைத் தாண்டி ஆழமாகக் கொத்தினால் மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாக நொறுங்கும். மூலையில் டஃபண்ட் என்று சின்ன முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது விஷயம், டஃபனிங் இல்லாத கண்ணாடி என்றால், மணல் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காமல் அப்படியே தரச் சொல்லுங்கள். வெட்டிய ஸ்டிக்கர்தான் உங்களுக்குக் கலர் எல்லைக்கோடு, அதைப் பிறகு சொல்கிறேன். கண்ணாடியை மலை ஏற்றும்போது படுக்க வைக்காமல் செங்குத்தாக, நடுவே தெர்மோகோலோ அட்டையோ வைத்துக் கட்டுங்கள். பர்லியாறு தாண்டியதும் வரும் வளைவுகளில் படுத்த கண்ணாடி தாங்காது.

சின்ன வேலைக்கு எட்சிங் கிரீம் கிடைக்கிறது, ஆன்லைனில் வரவழைக்கலாம். அதில் இருப்பது பொதுவாக அமோனியம் பைஃப்ளூரைடு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல், மூன்றும் கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வையுங்கள். கழுவும்போது வெள்ளைப் பீங்கான் சிங்க்கில் ஊற்றாதீர்கள், அதையும் அரித்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் கிரீம் சரியாக வேலை செய்யாது, திட்டுத்திட்டாக வரும், அதனால் மத்தியானம் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, கைக்குக் குளிர்ச்சி தெரியாத பதம் வந்ததும் தடவுங்கள். யாராவது ‘ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் வாங்கித் தருகிறேன், சீப்பாக முடியும்’ என்று சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அது தோலில் பட்டால் முதலில் வலிக்காமலேயே இருக்கலாம். உள்ளே இறங்கி எலும்பு வரை போய், உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே நிறுத்தும் அளவுக்குப் போகும். அதற்கு முதலுதவியாகத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எல்லா மெடிக்கலிலும் இருக்காது. கிரீம் கையில் பட்டாலும் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, கிரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

என்ன கலர் வாங்குவது?

கேமல், ஃபெவிக்ரில் இரண்டிலும் கிளாஸ் கலர் இருக்கிறது, ஸ்டேஷனரி கடையில் சின்னப் பாட்டிலாகக் கிடைக்கும். பாட்டிலில் வாட்டர் பேஸ்டா சால்வென்ட் பேஸ்டா என்று படித்து வாங்குங்கள். எட்சிங்குக்கு நான் சொல்வது சால்வென்ட் வகை, அது பள்ளத்துக்குள் நன்றாக இறங்கிப் பிடிக்கும், ஈரக் காற்றையும் மேலாகத் தாங்கும். நாற்றம் அடிக்கும், தீப்பிடிக்கும், அதை மறக்க வேண்டாம். வாட்டர் பேஸ்டு குழந்தைகளோடு உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சரி.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஒரு பாட்டில் நிறமற்ற மீடியம் இருந்தால் போதும். மீடியம்தான் ரொம்ப முக்கியம். பாட்டிலில் இருக்கும் கலர் அப்படியே அடித்தால் பெரும்பாலும் சர்பத் நிறம்தான் வரும். ஒரு பங்கு கலருக்கு இரண்டு பங்கு மீடியம் கலந்தால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். நீலமும் ஊதாவும் வாங்கும்போது ஒரு தடவை யோசியுங்கள். மேகம் மூடிய நாளில், வடக்குப் பார்த்த ஜன்னலில், அடர் நீலம் கருப்பாகத்தான் தெரியும். தேன் நிறம், வெளிர் பச்சை, ஆரஞ்சு எல்லாம் மந்தமான வெளிச்சத்திலும் உயிரோடு இருக்கும். குறிஞ்சிப் பூ வரைய ஆசைப்படுபவர்கள் ஊதாவில் மீடியத்தைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெயில் பற்றியும் ஒன்று. குளிர் ஊர்தானே, கலர் மங்காது என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. கிளாஸ் கலர்களில் சாயத்தால் ஆனவை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், பெரும்பாலும் முதலில் போவது சிவப்பும் இளஞ்சிவப்பும். நேர் வெயில் படும் தெற்கு, மேற்கு ஜன்னல்களில் சிவப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் கலர் ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, ‘அது மட்டும் எப்படி இத்தனை காலம் நிற்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொழில் வேறு. நிறமுள்ள கண்ணாடித் துண்டுகளையே வெட்டி ஈயப்பட்டியில் கோப்பார்கள். மேலே தீட்டும் முகமும் மடிப்பும் கண்ணாடித் தூளோடு இரும்பு, செம்பு ஆக்ஸைடு கலந்த கலவை, 600 டிகிரிக்கு மேல் சூளையில் வைத்ததும் அது கண்ணாடியோடு கண்ணாடியாக உருகிவிடும். நாம் வீட்டில் அடிப்பது மேலே காயும் ஒரு படலம், அதற்குரிய ஆயுள்தான் அதற்கு. விளக்குக் கூண்டு, டம்ளர் மாதிரி சின்னப் பொருள் என்றால் ஓவனில் சுடும் கலர் உண்டு. பெபியோ விட்ரியா 160 என்பது அந்த ரகம். அடித்து ஒரு நாள் காயவிட்டு, குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றி, 160 டிகிரியில் 40 நிமிடம் வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். கதவுக் கண்ணாடி கொள்ளும் அளவு ஓவன் வீட்டில் யாரிடமும் இல்லை.

எந்த நாளில் செய்வது?

கீழே சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் இது வராது, நமக்கோ பாதிப் பிரச்சினை இதில்தான். தின்னர் ஆவியாகும்போது கண்ணாடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே குளிர்ந்த கண்ணாடி, சுற்றிலும் ஈரக் காற்று. ஆக, ஈரமான கலர் மேலேயே பனி இறங்கி, காய்ந்ததும் பால் ஊற்றியது மாதிரி வெளிறிப்போகும். கலர் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டி, கூடலூர் பக்கம் இதைத் தொடவே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிக்காரர்களும், கொடைக்கானல் ஆட்களும் மூட்டை கட்டி வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று உலர்ந்திருக்கும், ஆனால் இரவில் உறைபனி. அந்த மாதங்களில் காலை 11 மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச்தான் இந்த வேலைக்கு வாய்ப்பான மாதங்கள்.

அன்றைக்குச் செய்யலாமா என்று பார்க்க மீட்டர் எல்லாம் தேவையில்லை. கண்ணாடியின் வழவழப்பான பக்கத்தில் வாயால் ஊதுங்கள். படியும் ஆவி நாலைந்து நொடியில் மறைந்தால் தொடங்கலாம். அப்படியே நின்றுகொண்டிருந்தால் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது அல்லது காற்றில் ஈரம் மிகுதி, இரண்டில் எதுவானாலும் இன்று வேண்டாம். அறையைச் சூடாக்க வேண்டும் என்றால் முந்தின நாளே கண்ணாடியை உள்ளே கொண்டுவந்து, எலெக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டு அறையைக் கதகதப்பாக்கி, ஹீட்டரை அணைத்துவிட்டு, அதன் பிறகு பாட்டிலைத் திறங்கள். தின்னர் ஆவி இருக்கும் அறையில் எரியும் எதுவும் இருக்கக் கூடாது. கரி அடுப்பைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், மூடிய அறையில் கரி மூட்டி உயிர் போன செய்தி நம் மலைகளில் புதிதல்ல. குளிர்ந்த கண்ணாடியை ஹீட்டருக்கு நேராகச் சாய்த்து வைத்தாலும் சூடு ஒரே பக்கம் ஏறி விரிசல் விடும்.

கழுவுவது

பாத்திரம் கழுவும் சோப்பில் மிருதுவான டூத்பிரஷ் நனைத்துச் சொரசொரப்பான இடங்களைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பூஜை அறைக் கதவென்றால் விளக்குப் புகை அந்தப் பள்ளங்களில் ஏறியிருக்கும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருக்கும். நன்றாக உலர்ந்ததும் மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும், பழைய பனியன் துணிதான் சரி. அதற்கப்புறம் விரல் படக் கூடாது. எட்சிங்கில் விரல் ரேகை எண்ணெயாகப் பதிந்து, கலருக்கு அடியில் திட்டாக நின்றுவிடும்.

கலர் ஏற்றும் முறை

கண்ணாடிக் கடையில் வெட்டி மிச்சமான எட்சிங் துண்டு கேட்டால் தருவார்கள். ஒவ்வொரு கலவையையும் அதில் அடித்து, காயவிட்டு, ஜன்னலில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிஜக் கண்ணாடிக்குப் போக வேண்டும். பாட்டிலில் தெரியும் நிறமும் கண்ணாடியில் தெரியும் நிறமும் ஒன்றாக இருக்காது.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் படுக்க வையுங்கள், அடியில் வெள்ளைத் துணி. கதவில் நிற்க வைத்தே அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடிக்கலாம், வழிந்து கீழே போய் நிற்கும். மட்டக்கட்டை இருந்தால் மேஜை மட்டமா என்றும் பார்த்துவிடுங்கள்.

சொரசொரப்பில் கலர் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்காது. அந்த நுண்பள்ளங்கள் வழியாக ஈரம் தானே ஊர்ந்து கோட்டைத் தாண்டும். இதைத் தடுக்க இரண்டு வழி. ஸ்டிக்கரை உரிக்காமல் வாங்கியிருந்தால் வேலை பாதி முடிந்தது. அதன் விளிம்பை நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டு, வெட்டிய இடத்துக்குள் கலர் ஊற்றி, கை ஒட்டாத பதம் வந்ததும், முழுக்கக் காய்வதற்கு முன், ஸ்டிக்கரைத் தாழ்வாக மடக்கிப் பின்னோக்கி இழுத்து உரியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் கலரும் சேர்ந்து கிழிந்து வரும். ஸ்டிக்கர் இல்லையென்றால் லைனர் டியூப்பால் ஓரத்தில் மெல்லிய வரம்பு கட்டுங்கள். கருப்பு, தங்கம், வெள்ளி என்று கிடைக்கும். எட்சிங் மேல் நான் வெள்ளி லைனர்தான் சொல்வேன். கருப்பு கட்டினால் குழந்தைகளின் கலரிங் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

ஒரு சின்ன உதாரணம் எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கதவுகளில் அடிக்கடி வரும் டிசைன், தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும், உள்ளங்கை அளவு. முதலில் மீடியத்தில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்து, இலையின் நடு நரம்பை ஒட்டிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்ச் இதற்கு அருமையான கருவி. பூஜ்ய நம்பர் பிரஷ்ஷால் அதை ஓரம் நோக்கித் தள்ளுங்கள், தேய்க்க வேண்டாம், தள்ளினால் போதும், தேய்த்தால் குமிழி வரும். ஓரத்துக்கு ஒரு நூல் இடைவெளி இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், அந்த மிச்ச தூரத்தைக் கலர் தானே போய்ச் சேர்ந்துவிடும். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே இலையின் அடிப்பக்கத்தில் இரண்டு சொட்டு பச்சை. அது மெல்லப் பரவி மஞ்சளோடு கலந்து, நுனி வெளிறியும் அடி அடர்ந்தும், கொழுந்து இலை மாதிரியே வரும். குமிழி தெரிந்தால் குண்டூசி முனையால் தொட்டால் உடைந்துவிடும். இரண்டாவது இலைக்கும் இதேதான். மொட்டைத் தொடாதீர்கள். அது வெள்ளையாகவே இருக்கட்டும், தேயிலை மொட்டின் மேல் இருக்கும் பூனைமயிர் வெள்ளைக்கு எட்சிங்கைவிடப் பொருத்தமான நிறம் எந்தப் பாட்டிலிலும் இல்லை. இது மொட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. எந்த டிசைனானாலும் கொஞ்சம் வெள்ளையை விட்டுவைக்காமல் கலர் ஏற்றினால் எட்சிங்குக்குக் கொடுத்த காசு வீண். முழுக்கக் கலர்தான் வேண்டும் என்றால் சாதாரணக் கண்ணாடியிலேயே அடித்திருக்கலாமே.

டிசைன் தேர்வில் ஒரு சின்ன வேண்டுகோள். தோடர் எம்பிராய்டரிக் கோலங்களைப் படம் எடுத்து அப்படியே ஸ்டிக்கர் வெட்டுவது இப்போது பரவுகிறது. வெள்ளைத் துணியில் கருப்பும் சிவப்புமாக அந்தப் பெண்கள் நூலை எண்ணி எண்ணித் தைப்பது அது, 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கிய வேலை. ரிசார்ட் கதவுக்கு அழகுக்காக எடுத்துப் போடுவதைவிட, பெரணி, காட்டுப்பூ, மலைமுகடு என்று நாமே வரைந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது.

கோட்டு எட்சிங், தங்கக் கோடு

தெளிந்த கண்ணாடியில் மெல்லிய கோடுகளாக ஆழமாக வெட்டிய டிசைனுக்கு பிரஷ் வேலையே வேண்டாம். கெட்டியான கலரைக் கோட்டின் மேல் விரலால், கையுறை போட்டுத்தான், தேய்த்து உள்ளே அழுத்துங்கள். கொஞ்சம் இறுகியதும் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் குறுக்காக வழித்துவிட்டு, மீதியைத் துணியால் துடைத்தால் கோட்டுக்குள் மட்டும் கலர் நிற்கும். சுற்றிலும் வழவழப்பாக இருந்தால்தான் இது நடக்கும், வெள்ளைப் பின்னணிக் கண்ணாடியில் முயன்றால் மொத்தமும் அழுக்காகும்.

பூஜை அறைக்குத் தங்க நிறம் கேட்பவர்கள்தான் அதிகம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கோல்டு பவுடர் பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த தூள், காற்றுப் பட்டால் கருக்கும். கிளியர் லேக்கரில் குழைத்து அடித்து, காய்ந்ததும் மேலே இன்னொரு கோட் கிளியர் கொடுங்கள். வழவழப்பான பக்கமிருந்து பார்க்கப் போகிற கண்ணாடி என்றால் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியக்காரர்கள் செய்வது இதுதான். கடைசியில் வைக்க வேண்டிய நகையும் கண்ணும் முதலில், முகம் அப்புறம், பின்னணி கடைசியில். ‘ஓம்’ என்றோ முருகன் வேலுக்குக் கீழே பெயரோ எழுத்தாக இருந்தால், எந்தப் பக்கமிருந்து படிக்கப் போகிறோம் என்று கடையில் சொல்லி ஸ்டிக்கரைத் திருப்பி வெட்டச் சொல்லுங்கள். மணல் அடித்த பிறகு திருப்ப முடியாது.

தவறிவிட்டால்

ஈரமாக இருக்கும்போதே என்றால், தின்னர் நனைத்த காது பட்ஸால் உள்ளிருந்து வெளியே வராமல், வெளியிலிருந்து உள்நோக்கித் துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் அசிட்டோனும் டூத்பிரஷ்ஷும். சொரசொரப்பில் நிறச்சாயை கொஞ்சம் மிஞ்சும், இரண்டு மூன்று தடவை செய்தால் போகும். பால் மாதிரி வெளிறிப்போன இடத்தைச் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில் கதகதப்பான அறையில் மீடியத்தை மேலே மெல்லிசாக ஒரு கோட் விட்டுப் பாருங்கள். பல சமயம் அடியில் இருப்பது இளகி, சிக்கிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும்.

காய்வதும் மாட்டுவதும்

பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் சமவெளிச் சூட்டுக்கு. இங்கே அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். தூசி விழாமல் மேலே அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, ஆனால் காற்று போக ஓரத்தில் இரண்டு குச்சி வைத்துத் தூக்கி வையுங்கள். ஒரு வாரம் தாண்டாமல் கதவில் மாட்டாதீர்கள். பீடிங், அதாவது கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தும் பட்டி, பிடிக்கும் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலரே இருக்கக் கூடாது. புட்டியோ சிலிகானோ கண்ணாடியைத்தான் பிடிக்க வேண்டும், கலரைப் பிடித்தால் கலரோடு சேர்ந்து கழன்று வரும். சிலிகானில் வினிகர் வாடை வராத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு கிளாஸ் கிளீனர் ஸ்பிரே அடிக்க வேண்டாம், லேசாக ஈரமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காலையில் உள்பக்கம் வேர்த்து நிற்கும் கண்ணாடியை அழுத்தித் துடைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கலர் அடித்த கண்ணாடியில் அதை விட்டுவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் தானே உலர்ந்துவிடும்.

பிரஷ் கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சாக்கடை அடுத்த வளைவில் யாரோ ஒருவருடைய ஓடை, அதற்கும் கீழே கேரட் தோட்டம். ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால் இரண்டு நாளில் கலர் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முறை பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம். தின்னர் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, அப்புறம் குப்பைக்குக் கொடுங்கள்.